விலைவாசி ஏற்றமும் ஊர் அறங்களும்

பணவீக்கம் என்றால் என்ன என்று தேர்வில் கேட்டால் நாம் ஒன்றரைப் பக்கம் எழுதிவிடுகிறோம். அதே பணவீக்கம் ஒரு தண்ணீர்ப் பந்தலை என்ன செய்கிறது, ஓர் அன்னதானக் கட்டளையை எப்படிக் கரைக்கிறது என்று வினாத்தாளில் யாரும் கேட்பதில்லை. திருவிடைமருதூரிலிருந்து நாள்தோறும் கும்பகோணத்துக்குப் பேருந்தேறி வரும் பொருளியல் மாணவன் என்ற முறையில், நான் கேட்டும் பார்த்தும் படித்தும் அறிந்தவற்றைக் கொண்டு அந்த வினாவுக்கு விடை காண இக்கட்டுரையில் முயல்கிறேன்.

எங்கள் ஊர் மகாலிங்கசுவாமி கோயில் கல்வெட்டுகளைப் படிக்கப் புகுந்தால் ஒரு செய்தி கண்ணில் படாமற் போகாது. பழங்காலத்தில் அறம் செய்தவர்கள் பணத்தை அவ்வளவாக நம்பவில்லை. ஆரியக்கூத்து ஆடும் சாக்கைக்கு இக்கோயிலில் நிலமும் நெல்லும் ஒதுக்கப்பட்டன; திரைமூர்ச் சபையாரும் திருவிடைமருதூர் நகரத்தாரும் நாடகசாலையில் கூடியிருந்து அதனை முடிவு செய்தனர். விளக்கெரிக்க வேண்டுமானால் ஆடுகளைக் கொடுத்தனர். ஒரு நந்தா விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடு, நாளொன்றுக்கு உழக்கு நெய் என்பது சோழ நாட்டில் பரவலாகக் காணப்படும் கணக்கு.

அந்த ஆடுகளுக்கு 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். ஆடு சாகாதா, மூப்படையாதா என்று நாம் சிரிக்கலாம். ஆனால் சொல்லின் பொருள் வேறு. கிழடானவை கழியக் குட்டிகள் அந்த இடத்தை நிரப்பும். மந்தையின் எண்ணிக்கை தொண்ணூற்றாறுக்குக் குறையாமல் காப்பது இடையரின் பொறுப்பு. குட்டிகளை எல்லாம் விற்றுவிட்டு அதையும் வருவாய் என்று கணக்கெழுதினால், சில ஆண்டுகளில் மந்தையும் இராது, விளக்கும் இராது. முதல் தேயாமல் காத்தபின் மிஞ்சுவதே செலவழிக்கத்தக்கது என்ற கொள்கை இதனுள் அடங்கியிருக்கிறது.

காசாகக் கொடுத்த அறங்களும் இல்லாமல் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் காலத்துக் கல்வெட்டுகள் காசு ஒன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசு வட்டி, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை, என்று கூறுகின்றன. எனினும் அதே கோயிலில் தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவருக்கும் வகுத்த பங்கு, ஆளுக்கு ஆண்டொன்றுக்கு நூறு கலம் நெல். அளக்கும் மரக்காலுக்கும் 'ஆடவல்லான்' என்று பெயரிட்டு அளவை உறுதிசெய்துவைத்தனர். நாணயத்தின் மதிப்பு ஏறினாலும் இறங்கினாலும் நூறு கலம் நூறு கலமே.

பிற்காலத்தில் தஞ்சை மராட்டிய மன்னர்கள் சத்திரங்களுக்குக் கிராமங்களையே விட்டுவைத்தனர். 1799 உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி கும்பினியார் கைக்குப் போனபின், 1801இல் இரண்டாம் சரபோசி மன்னர் ரெசிடெண்டு டோரின் துரைக்கு எழுதிய கடிதம் ஆராய்ச்சியாளர் பலர் எடுத்தாண்டிருப்பது. வழிப்போக்கர் எச்சாதியினராயினும் சோறு உண்டு. சோறு வேண்டாதார்க்கு அரிசியும் பண்டமும் உண்டு. நள்ளிரவில் மணியடித்து, உண்ணாதார் எவரேனும் உளரோ என்று அழைப்பதுண்டு. நோயாளிக்கு மருத்துவர் உண்டு என்று சத்திரங்களின் நடைமுறையை அதில் விவரிக்கிறார். அறங்களுக்குரிய கிராமங்கள் கைவிட்டுப் போய்விடக்கூடாது என்பதே அவருடைய கவலை. நாட்டை இழந்த மன்னர் ஒருவர் சத்திரத்து நிலத்துக்காக வாதாடுகிறார் என்பதை எண்ணிப் பார்க்கையில், நிலத்துக்கும் ரொக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை அவர் நன்கு உணர்ந்திருந்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதன்பின் வந்த மாற்றம்தான் நம் பொருளுக்கு மிக முக்கியமானது. இனாம் ஒழிப்புச் சட்டங்கள், குறிப்பாக 1963ஆம் ஆண்டின் சிறு இனாம்கள் ஒழிப்புச் சட்டம், உழவர்க்கு நியாயம் செய்தன. அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நிலத்தின் வருவாயை இழந்த அறநிலையங்களுக்கு ஈடாக வந்தது 'தஸ்திக்' என்னும் ஆண்டுப்படி. முந்தைய ஆண்டுகளின் சராசரி வருவாயைக் கொண்டு கணக்கிட்டு ரூபாயில் நிர்ணயித்த தொகை அது. நெல் விலையோடு ஏறும் வருவாய் போய், அசையாது நிற்கும் எண் வந்து சேர்ந்தது.

தனியார் வைக்கும் கட்டளைகளும் இவ்வாறே. 'இத்தொகையை வங்கியில் நிரந்தர வைப்பாக இட்டு, அதன் வட்டி முழுவதையும் இன்ன நாளில் அன்னதானத்துக்குச் செலவிடுக' என்று எழுதிவைப்பது வழக்கம். ஒருவர் நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஆயிரம் ரூபாய் வைத்தார், எட்டு விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொள்வோம். எண்பது ரூபாயில் அன்று ஒரு பந்திக்கு அரிசி வாங்கலாம். இன்று எண்பது ரூபாய்க்குச் சாப்பாட்டு அரிசி இரண்டு கிலோகூட வராது. கல்லில் பெயர் இருக்கிறது. இலையில் சோறு இல்லை.

பிழை எங்கே? 'வட்டி முழுவதையும்' என்ற சொல்லில்தான். ஒரு இலட்ச ரூபாய்க்கு ஏழு விழுக்காடு வட்டி, விலைவாசி ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு ஏறுகிறது எனில், கைக்கு வரும் ஏழாயிரத்தில் ஐந்தாயிரம் வருவாயே அன்று. தேய்ந்த முதலுக்கு ஈடு. அதைத் திரும்ப முதலில் சேர்த்தால்தான் இலட்சம் இலட்சமாக நிற்கும். உண்மையில் செலவழிக்கத்தக்கது இரண்டாயிரமே. ஏழாயிரத்தையும் செலவிடுகிறவர் குட்டிகளையும் சேர்த்து விற்கும் இடையரைப் போன்றவர். நேர்மையாகக் கணக்கு வைத்திருப்பார். தணிக்கையில் ஒரு குறையும் வராது. அறம் மட்டும் ஆண்டுக்காண்டு இளைத்துக்கொண்டே போகும்.

அரசு இதை அறியாமலில்லை. வருவாயில்லாத சிறு கோயில்களுக்கான ஒரு கால பூசைத் திட்டத்தில் ஒரு இலட்சமாக இருந்த வைப்புத் தொகை 2022இல் இரண்டு இலட்சமாக உயர்த்தப்பட்டது. 12,959 கோயில்களுக்காக 129.59 கோடி ரூபாய் அளிக்கப்பட்டது. மத்திய அரசின் பள்ளி மதிய உணவுத் திட்டத்திலும் அரிசி பொருளாகவே தரப்படுகிறது. காய்கறி, பருப்பு, எண்ணெய் முதலியவற்றுக்கான தொகை மட்டும் ரூபாயில். தொடக்கப் பள்ளிக் குழந்தை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 2022 அக்டோபரில் 5 ரூபாய் 45 காசாக இருந்த அத்தொகை, 2024 டிசம்பரில் 6 ரூபாய் 19 காசாகவும், 2025 மே மாதத்தில் 6 ரூபாய் 78 காசாகவும் உயர்ந்தது. பொருளாகக் கொடுத்த பகுதிக்கு இந்தத் திருத்தமே தேவைப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

கடல் கடந்த நாடுகளிலும் இதே இக்கட்டுதான். 2022 அக்டோபரில் இங்கிலாந்தில் விலைவாசி ஓராண்டில் 11.1 விழுக்காடு ஏறிய நிலையில், தொண்டு நிறுவனங்களுக்கு உதவி நாடுவோரும் பெருகினர், செலவும் பெருகியது. அந்நாட்டு அரசு 2023இல் சமூக அமைப்புகளுக்கென 76 மில்லியன் பவுன் நிதி ஒன்றை ஒதுக்கி, லாட்டரி நிதியமைப்பு வழியாக வழங்கியது. நல்ல செயல்தான். ஆயினும் 2024 மார்ச்சுக்குள் செலவிட்டுவிட வேண்டும் என்பது நிபந்தனை. ஏறிய விலை மார்ச்சு மாதத்தோடு இறங்கிவிடுமா என்ன?

இனி எங்கள் தெருவுக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமைதோறும் முதியோர் அறுபது பேருக்குக் கஞ்சியும் துவையலும் வழங்கும் சிறு குழு ஒன்று உண்டு. தைப்பூசத்தன்று காவிரித் துறைக்கு வருவோர்க்கு மோரும் தருவோம். அதன் கணக்கு நோட்டை இரண்டாண்டாக நான்தான் எழுதிவருகிறேன். அதில் ஒரு விந்தை. அரிசிக்குக் குறைவில்லை, அறுவடை முடிந்ததும் யாரேனும் ஒருவர் மூட்டை இறக்கிவிடுவார். முடை வருவதெல்லாம் சிலிண்டருக்கும் சமையற்கார அம்மாளின் கூலிக்கும்தான். அரிசி கொடுப்பவர் பலர். எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டிக் கொடுப்பவர் சிலர். கூலிக்கென்று கொடுப்பவர் இதுவரை ஒருவருமில்லை. நம் நன்கொடையாளர் மட்டுமா இப்படி? நிறுவனங்கள் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி சமூகப் பொறுப்புக்குச் செலவிடும்போது நிர்வாகச் செலவு ஐந்து விழுக்காட்டுக்கு மேற்படக்கூடாது என்பது விதி. அடுப்பு தானே எரியும், அரிசி தானே வெந்துவிடும் என்ற நம்பிக்கை மேலிருந்து கீழ்வரை பரவியிருக்கிறது. பெரிய கோயில் கல்வெட்டோ பணியாளர் ஒவ்வொருவர்க்கும் பங்கு வகுத்த பிறகே ஓய்கிறது.

நெல்லாகக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்ல வரவில்லை. மேட்டூர் அணை ஜூன் 12ஆம் நாள் திறவாத ஆண்டுகளை நாம் பார்த்திருக்கிறோம். 2024இல் ஜூலை இறுதியில்தான் திறந்தது. அத்தகைய ஆண்டில் மூட்டை வராது. ஆகவே அரிசி பொருளாகவும், கூலியும் எரிபொருளும் விலைக்குறியீட்டோடு ஏறும் தொகையாகவும் இருப்பதே தக்கது என்பது என் கருத்து. பேராசிரியர்கள் இதில் குறை காணின் அறிய ஆவலாக உள்ளேன்.

சென்ற மாதம் ஓர் அறக்கட்டளைக்கு எங்கள் குழு உதவி கேட்டு விண்ணப்பம் எழுதியது. 'ஆண்டுக்கு இத்தனை ரூபாய்' என்ற பழைய வாசகத்தை அடித்துவிட்டு, 'ஐம்பத்திரண்டு வெள்ளிக்கிழமைக்குச் சமையற்கூலி, அவ்வப்போது ஊரில் நடக்கும் கூலிப்படி. சிலிண்டர், அன்றைய விலைப்படி' என்று எழுதினோம். மறுமொழி இன்னும் வரவில்லை.