எஞ்சினுக்கு எந்தக் காற்று? பிக்கப் வாகனத்துக்குப் புதிய காற்றுக்குழாய் வாங்குமுன் சில பாடங்கள்

இடம்பெயர்ந்து வாழும் விவசாயக் குடும்பத்துக்கு பிக்கப் என்பது வெறும் வாகனம் அல்ல. குடியிருக்கும் இடம் ஒன்று, பயிர் செய்யும் காணி வேறொன்று என்று ஆகிவிட்டபோது, இரண்டையும் இணைப்பது அதுவே. விதைநெல்லும் உரமும் வயலுக்குப் போவதும், கத்தரியும் பூசணியும் சந்தைக்கு வருவதும், நடுச்சாமத்தில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுவதும் அதிலேதான். சில இடங்களில் மூன்று நான்கு குடும்பங்கள் கூட்டாகக் கடன்பட்டு ஒரு பழைய டீசல் பிக்கப்பை வாங்கி ஓடுகின்றன. நம் நாட்டில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இலேயே மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களின் விலை எவ்வளவு ஏறியது என்பதை நாம் எல்லோரும் அறிவோம். ஆகவே கையில் இருக்கும் எஞ்சினைக் காப்பாற்றுவது, கடனைக் காப்பாற்றுவதற்குச் சமம்.

இந்நிலையில், "கோல்ட் எயார் இன்டேக் பூட்டினால் இழுவை கூடும், டீசல் மிச்சமாகும்" என்று சொல்லி, பளபளப்பான குழாயும் கூம்பு வடிவப் பில்டரும் கொண்ட தொகுதிகள் கடைகளில் விற்கப்படுகின்றன. இளைஞர்களுக்கு அதில் ஆசை. பணம் கொடுக்க வேண்டிய பெரியவர்களுக்கு ஐயம். வாங்கலாமா, வாங்குவதானால் எதைப் பார்த்து வாங்குவது என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. எஞ்சின் எவ்வளவு காற்றைக் குடிக்கிறது?

டீசல் தனியே எரிவதில்லை. ஒரு கிலோ டீசல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று வேண்டும். கணக்குப் பார்த்தால், ஒரு லீற்றர் டீசலுக்குக் குறைந்தது 10,000 லீற்றர் காற்று. டீசல் எஞ்சின் வழக்கமாக இதைவிடக் கூடுதலாகவே இழுக்கும். 2.5 லீற்றர் கொள்ளளவுள்ள எஞ்சின், டேர்போ இல்லாததாயினும், நிமிடத்துக்கு 2,000 சுற்றுச் சுற்றினால் அந்த நிமிடத்தில் ஏறத்தாழ 2,500 லீற்றர் காற்றை உள்ளே எடுக்கிறது. ஒரு மணி நேரத்தில் அது 150,000 லீற்றர். பங்குனி முதல் புரட்டாதி வரை நம் கிரவல் வீதிகளில், முன்னே ஒரு டிப்பர் போக, பின்னே நாம் போகும்போது அந்தக் காற்றில் என்ன இருக்கிறது என்பதை யாரும் சொல்லத் தேவையில்லை.

2. குளிர்ந்த காற்றின் நன்மை என்ன?

குளிர்ந்த காற்று அடர்த்தியானது. 30 பாகை செல்சியஸில் உள்ள காற்றைவிட 60 பாகையில் உள்ள காற்று, அதே கொள்ளளவில், ஏறத்தாழ 9 வீதம் எடை குறைந்தது. எடை குறைந்தால் ஒட்சிசனும் குறையும். ஆகவே எஞ்சின் அறையின் வெப்பக் காற்றை இழுப்பதைவிட வெளிக்காற்றை இழுப்பது நல்லது என்பது உண்மை. இந்தப் பொருளை விற்பவர்கள் சொல்வதில் அடிப்படை இல்லாமல் இல்லை.

ஆனால் மூன்று விடயங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, பெரும்பாலான பிக்கப்களில் கம்பனி பூட்டித் தந்த காற்றுப்பெட்டியே வெளிக்காற்றைத்தான் எடுக்கிறது. அதன் வாய் முன் மட்காட்டின் உட்புறத்திலோ, முன் கிரில்லின் பின்னாலோ இருக்கும். பொனற்றைத் திறந்து அந்த வாயைத் தேடிப் பாருங்கள். அந்தப் பெட்டியைக் கழற்றிவிட்டு எஞ்சினுக்குப் பக்கத்தில் திறந்த கூம்புப் பில்டரைப் பூட்டினால், பெயர் குளிர்காற்றுக் குழாய் என்றாலும் உள்ளே போவது சூடான காற்றுத்தான்.

இரண்டாவது, டீசல் எஞ்சினின் வலு, ஊட்டப்படும் டீசலின் அளவினால் தீர்மானிக்கப்படுகிறது. காற்று ஏற்கெனவே போதுமாக இருந்தால், மேலும் காற்றைக் கொடுப்பதால் மட்டும் வலு கூடிவிடாது. காற்றுப் பற்றாக்குறை இருந்தால் கறுப்புப் புகை தள்ளும், இழுவை குறையும். அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது அடைபட்ட பில்டர்.

மூன்றாவது, டேர்போ பூட்டிய எஞ்சினில் டேர்போ காற்றை அமுக்கும்போதே அது கடுமையாகச் சூடேறுகிறது. அதைக் குளிரச் செய்வதற்குத்தான் இன்டர்கூலர் இருக்கிறது. எனவே வாயில் சில பாகை குறைவதால் கிடைக்கும் பயன், இன்டர்கூலரைத் தாண்டியபின் மிகச் சிறியதாகிவிடும். அந்த இன்டர்கூலரின் முகத்தில் ஒட்டியிருக்கும் சேற்றையும் பூச்சியையும் கழுவுவதற்குக் காசு செலவில்லை.

இன்னொன்றையும் மறக்கலாகாது. புதிய குழாய் பூட்டியதும் எஞ்சின் சத்தம் மாறும். உறுமல் கூடியதை வலு கூடியதாக ஓட்டுநர் எண்ணிக்கொள்வது இயல்பு. காது சொல்வதை நம்பாமல் கணக்கை நம்ப வேண்டும்.

3. தூசி என்ன செய்கிறது?

நம் மணலிலும் மண்ணிலும் குவார்ட்ஸ் என்னும் சிலிக்காத் துகள் உண்டு. அது எஞ்சினின் உருக்கைவிடக் கடினமானது. பில்டரைத் தாண்டி உள்ளே போகும் நுண்ணிய தூசி, எஞ்சின் ஒயிலுடன் கலந்து அரைக்கும் பசையாக மாறி, சிலிண்டர் சுவரையும் பிஸ்டன் ரிங்குகளையும் தேய்க்கிறது. பின்னர் ஒயில் குறையும். நீலப் புகை வரும். காலையில் ஸ்டார்ட் எடுக்க மறுக்கும். முடிவில் எஞ்சினை இறக்கிச் செய்ய வேண்டிவரும். ஒரு போகத்து வருமானம் அதிலேயே போய்விடும்.

இது புதிய அறிவு அல்ல. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உழவு இயந்திரம் விற்றுவந்த பிராங் டொனால்ட்சன் என்பவர், தான் விற்ற இயந்திரம் ஒரு விவசாயியின் தூசி நிலத்தில் விரைவிலேயே தேய்ந்துபோனதைக் கண்டு, 1915 இல் அதற்கென ஒரு காற்று வடிகட்டியைச் செய்தார். வலுவைக் கூட்டுவதற்காக அல்ல, ஒரு விவசாயியின் எஞ்சின் சாகாமல் இருப்பதற்காகவே அது செய்யப்பட்டது. நாமும் அதே வரிசையில்தான் சிந்திக்க வேண்டும்: முதலில் தூய காற்று, அதன் பின்னரே கூடுதல் காற்று.

இங்கே ஒரு சிறு கணக்கு. ஒரு பில்டர் நூற்றுக்கு 99 பங்கு தூசியைப் பிடிக்கிறது, இன்னொன்று 97 பங்கைப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 2 பங்குதானே என்று தோன்றும். ஆனால் உள்ளே போவது முதலாவதில் 1 பங்கு, இரண்டாவதில் 3 பங்கு. அதாவது மூன்று மடங்கு தூசி. பந்தய வாகனம் ஓர் ஓட்டத்துக்குப் பின் எஞ்சினைப் பிரித்துச் செய்யலாம். நம் வாகனம் இன்னும் பத்து ஆண்டு ஓட வேண்டும்.

4. பில்டர் வகைகள்

கடதாசிப் பில்டர்: பெரும்பாலான பிக்கப்களில் கம்பனி தருவது இதுவே. நுண்ணிய தூசியை நன்றாகப் பிடிக்கும். கழுவக்கூடாது, ஒயில் பூசக்கூடாது, சீமெந்துத் தரையில் அடித்துத் தட்டக்கூடாது. காற்று அடித்துச் சுத்தம் செய்வதானால் குறைந்த அழுத்தத்தில், உட்புறத்திலிருந்து வெளிப்புறமாக அடிக்க வேண்டும். சிறிது தூசி படிந்த பில்டர் புதியதைவிட நன்றாக வடிகட்டும். ஆகவே நாள்தோறும் கழற்றி அடிப்பது நன்மைக்குப் பதில் தீமையே செய்யும்.

ஒயில் பூசிய பஞ்சுத்துணிப் பில்டர்: கடைகளில் விற்கும் தொகுதிகளில் பெரும்பாலும் இதுதான் வரும். கழுவித் திரும்பப் பாவிக்கலாம் என்பது இதன் சிறப்பு. ஆனால் அதற்கென உள்ள திரவத்தால் கழுவி, நிழலில் முற்றாக உலர்த்தி, அதற்குரிய ஒயிலை அளவாகப் பூச வேண்டும். ஒயில் குறைந்தால் தூசி புகும். கூடினால் காற்றின் அளவை அறியும் சென்சரில் படிந்து எஞ்சின் தடுமாறும். எஞ்சின் ஒயிலும் தேங்காய் எண்ணெயும் இதற்கு உதவா.

ஒயில் குளியல் வகை: லாண்ட்மாஸ்டரிலும் பழைய உழவு இயந்திரங்களிலும் காண்பது. கிண்ணத்தில் குறியிட்ட மட்டம் வரை ஒயில் இருக்க வேண்டும். சேறுபோல் ஆனதும் மாற்ற வேண்டும்.

5. தண்ணீர் என்னும் ஆபத்து

சில குளிர்காற்றுக் குழாய்கள் பில்டரைப் பம்பருக்கு அருகே, தாழ்வான இடத்தில் வைக்கின்றன. நல்ல தார் வீதியில் அது சரியாக இருக்கலாம். ஆனால் ஐப்பசி முதல் தை வரை குளம் வான்பாயும் காலத்தில், தாம்போதிகளைக் கடந்து போகும் நமக்கு அது பொருந்தாது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. ஒரு கோப்பை அளவு தண்ணீர் சிலிண்டருக்குள் போனாலே கனெக்டிங் ரொட் வளைந்துவிடும். தண்ணீருக்குள் எஞ்சின் நின்றுபோனால் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் அடிக்க வேண்டாம். வாகனத்தைத் தள்ளி வெளியே எடுத்து, பில்டர் நனைந்திருக்கிறதா என்று பார்த்து, மெக்கானிக்கை அழைக்க வேண்டும்.

நம் வீதிகளுக்குக் குளிர்காற்றுக் குழாயைவிட ஏற்றது, கண்ணாடித் தூணை ஒட்டிக் கூரை உயரத்துக்கு எழும்பும் ஸ்நோர்கல் குழாய். அது கம்பனிப் பெட்டியையும் கடதாசிப் பில்டரையும் அப்படியே வைத்துக்கொண்டு, வாயை மட்டும் உயர்த்துகிறது. மேலே காற்றும் குளிர்ச்சி, தூசியும் குறைவு. ஆனால் பொருத்துகளும் பெட்டியின் துளைகளும் நன்றாக அடைக்கப்படாவிட்டால் தண்ணீரைத் தடுக்காது. அதைப் பூட்டியதற்காக வெள்ளத்துக்குள் துணிந்து இறங்கவும் கூடாது. இழுப்பது தண்ணீரின் வேகம், அதைக் குழாய் தடுக்காது.

6. பணம் கொடுக்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

(அ) இந்தத் தொகுதி நம் வாகனத்தின் இதே மொடலுக்கும் எஞ்சினுக்கும் செய்யப்பட்டதா, அல்லது "எல்லாவற்றுக்கும் சரிவரும்" என்று விற்கப்படுகிறதா?

(ஆ) காற்றை எடுக்கும் வாய் எங்கே, எவ்வளவு உயரத்தில் இருக்கும்? எஞ்சின் வெப்பத்திலிருந்து மூடிய பெட்டியால் பிரிக்கப்பட்டுள்ளதா?

(இ) தூசியைப் பிடிக்கும் திறன் ஐஎஸ்ஓ 5011 என்னும் சர்வதேச முறைப்படி சோதிக்கப்பட்டதா? எத்தனை வீதம்? காற்றோட்டம் கூடியது என்று மட்டும் சொல்லி, இதைச் சொல்லாத பொருளை ஒதுக்கிவிடலாம்.

(ஈ) சென்சரும் எஞ்சின் மூச்சுக்குழாயும் பழையபடி சரியாக அமருமா?

(உ) குழி வீதியின் அதிர்வைத் தாங்கும் பிடிமானங்கள் உண்டா?

(ஊ) மாற்றுப் பில்டரும் கழுவும் திரவமும் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கிடைக்குமா, அல்லது ஒவ்வொரு முறையும் கொழும்புக்குச் சொல்ல வேண்டுமா?

ஒன்றுக்கேனும் தெளிவான பதில் இல்லையென்றால் வாங்காதிருப்பதே புத்தி.

7. இருப்பதைச் சரிசெய்தல்

புதியது வாங்குமுன் இவற்றைச் செய்து பாருங்கள். பில்டரைக் கழற்றி, இருட்டான இடத்தில் உள்ளே டோர்ச் அடித்துப் பாருங்கள். ஊசித்துளை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அதை மாற்ற வேண்டும். பில்டரைத் தாண்டிய பக்கத்துக் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் செம்மண் பட்டால் எங்கோ ஒட்டை இருக்கிறது. ரப்பர் வளையம், கிளிப்புகள், பெட்டியின் மூடி, பில்டருக்கும் டேர்போவுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயின் மடிப்புகள் ஆகியவற்றை விரலால் விரித்து வெடிப்பு உண்டா என்று பாருங்கள். தூசி அந்த வெடிப்பின் வழியே போகுமானால், எவ்வளவு விலையுயர்ந்த பில்டரும் பயன் தராது.

புகை தள்ளினால் இன்ஜெக்டர் நொசில்களையும் சோதிக்க வேண்டும். 2008 முதல் வாகன வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் தேவைப்படுகிறது என்பதையும் நினைவிற் கொள்க.

மாற்றம் எதைச் செய்தாலும் அளந்து பாருங்கள். டாங்கியை நிரப்பி, அதே பாதையில், அதே சுமையுடன் மூன்று தடவை ஓடி, திரும்பவும் நிரப்பி, ஓடிய தூரத்தையும் ஊற்றிய டீசலையும் கொப்பியில் எழுதுங்கள். மாற்றத்துக்குப் பின்னும் அவ்வாறே செய்யுங்கள். கொப்பி பொய் சொல்லாது.

முடிவாக, பாரம் ஏற்றித் தூசியிலும் சேற்றிலும் ஓடும் டீசல் பிக்கப்புக்கு, கம்பனிப் பெட்டி, நல்ல கடதாசிப் பில்டர், வெடிப்பில்லாத குழாய் ஆகிய மூன்றும் போதும். கையில் மேலதிகப் பணம் இருந்து, தாம்போதிகளைக் கடக்கும் தேவையும் இருந்தால் ஸ்நோர்கலைப் பற்றி யோசிக்கலாம். கோல்ட் எயார் இன்டேக்குக்கு ஒதுக்கிய பணம் பெரும்பாலும் டயருக்கும் பிரேக்குக்கும் போவதே குடும்பங்களுக்குப் பாதுகாப்பு.

குழுவாகக் கலந்துரையாட:

1. நம் பிக்கப் காற்றை எங்கிருந்து எடுக்கிறது? இன்றே பொனற்றைத் திறந்து எல்லோரும் பார்ப்போமா?

2. பில்டர் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது? அதை யார் எழுதி வைப்பது?

3. கூட்டாக வாங்கிய வாகனத்தில் ஒரு மாற்றம் செய்யுமுன், கடனில் பங்குள்ள எல்லோரிடமும், பெண்களிடமும் கேட்கப்படுகிறதா?

4. மாரிக்கு முன்னும் கோடைக்கு முன்னும் நாம் பார்க்க வேண்டியவை எவை? ஒரு பட்டியல் தயாரித்து வாகனத்திலேயே ஒட்டி வைப்போம்.