தங்கச்சி, டூலின் குறிப்பை மதிப்பிடும்போது இதையெல்லாம் பார்

அமெரிக்க டாக்டர்களின் என்பிஐ எண்ணைத் தேடித் தரும் டூலைக் கொடுத்து, ஏஐ ஏஜென்ட் நம்பிப் பயன்படுத்தும் அளவுக்கு அதன் விளக்கம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றாய். நல்ல வேலை அது, அக்கறையாகச் செய். சென்னையில் மெடிக்கல் பில்லிங் பார்ப்பவர்கள் கையில் என்பிஐ தினமும் புரளுகிறது. அதில் எங்கே சறுக்கும் என்பது அவர்களுக்குப் பழக்கத்திலேயே தெரியும். ஏஜென்ட்டுக்கு அந்தப் பழக்கம் கிடையாது, பக்கத்து சீட்டில் இருப்பவரைக் கேட்கவும் முடியாது. டூலோடு ஒட்டியிருக்கும் நாலைந்து வரிகளை வைத்துத்தான் அது எல்லாவற்றையும் முடிவு செய்யும்.

அதனால் முதலில் டூலின் புரோகிராம் கோடைத் திறக்காதே. குறிப்பை மட்டும் படி. படித்ததும், இந்த டூல் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது என்று எழுதிப் பார். எழுத முடியவில்லை என்றால் குறிப்பில் பெரிய ஓட்டை இருக்கிறது. "டாக்டர் விவரங்களைத் தேடும்" என்ற ஒற்றை வரியை நான் குறிப்பாகவே கணக்கில் எடுக்க மாட்டேன்.

எனக்கு எப்போதும் பயம் தருவது லைசென்ஸ் விஷயம். என்பிஐ எண்களின் பதிவேட்டை நடத்தும் சிஎம்எஸ் என்ற அமெரிக்க அரசு அமைப்பே தெளிவாகச் சொல்லியிருக்கிறது: என்பிஐ எண் வைத்திருப்பதால் ஒருவர் லைசென்ஸ் பெற்றவர் என்று ஆகிவிடாது. ஆனால் தேடினால் வரும் பதிலில் 'ஸ்டேட்டஸ்: ஏ' என்று இருக்கும். அந்த எண் செயலில் இருக்கிறது என்பதுதான் அதன் பொருள். நோயாளி ஒருவர் "இந்த டாக்டர் லைசென்ஸ் உள்ளவர்தானா?" என்று கேட்டால், விவரம் தெரியாத ஏஜென்ட் அந்த 'ஏ'யைப் பார்த்து ஆமாம் என்று சொல்லிவிடும். "லைசென்ஸை உறுதிசெய்ய இதைப் பயன்படுத்தாதே, அந்தந்த மாநில மெடிக்கல் போர்டில் பார்" என்ற வரி குறிப்பில் இருக்கிறதா என்று தேடு. இல்லையென்றால், மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பாஸ் போடாதே.

அடுத்து எண்ணிக்கை. சிஎம்எஸ்ஸின் ஏபிஐ, கேட்காவிட்டால் 10 பேரைத்தான் தரும். ஒரு தடவைக்கு அதிகபட்சம் 200. முன்னால் வந்ததைத் தாண்டிப் போக உதவும் 'ஸ்கிப்' 1000 வரைதான் போகும். ஆக ஒரு தேடலில் 1200 பேருக்கு மேல் எடுக்கவே முடியாது. இதைவிட ஆபத்தானது 'ரிசல்ட் கவுன்ட்'. பதிவேட்டில் மொத்தம் எத்தனை பேர் பொருந்துகிறார்கள் என்பதை அது சொல்வதில்லை, இந்தப் பதிலில் எத்தனை பேர் வந்தார்கள் என்பதைத்தான் சொல்கிறது. பாஸ்டனில் எத்தனை இதய டாக்டர்கள் என்று கேட்டால், ஏஜென்ட் கூசாமல் பத்து என்று சொல்லும். குறிப்பு இதை எச்சரிக்கிறதா பார்.

அதே கேள்வியில் இன்னொரு கண்ணியும் உண்டு. 'கார்டியாலஜிஸ்ட்' என்று மனிதர்கள் சொல்வதைப் பதிவேட்டின் மருத்துவத் துறைப் பட்டியல் 'இன்டர்னல் மெடிசின், கார்டியோவாஸ்குலர் டிசீஸ்' என்று வைத்திருக்கிறது. தேடல் வெறுங்கையோடு திரும்பினால், அப்படி டாக்டரே இல்லை என்று ஏஜென்ட் எடுத்துக்கொள்ளும். 'கிடைக்கவில்லை' வேறு, 'இல்லை' வேறு. வெறும் பதில் வந்தால் அடுத்து என்ன செய்ய வேண்டும், எந்தச் சொல்லை மாற்றித் தேட வேண்டும் என்று உதாரணத்தோடு எழுதியிருந்தால் தாராளமாக மார்க் போடு.

பாராமீட்டர்களை ஒவ்வொன்றாகப் பார். 'நகரம்' என்றால் டாக்டர் வேலை செய்யும் இடமா, கடிதம் போகும் முகவரியா? பதிவேட்டில் இரண்டும் உண்டு. மாநிலத்தை மட்டும் கொடுத்துத் தேட முடியாது என்று எழுதியிருக்கிறதா? ராபர்ட் என்று தேடினால் பாப்களும் வரலாம், ஏனென்றால் முதல் பெயருக்கு நெருங்கிய பெயர்களையும் ஏபிஐ தானாகவே சேர்த்துத் தேடும். 'பெயர்' என்று மொட்டையாக ஒரு பாராமீட்டர் இருந்தால் கண்டிப்பாகக் குறித்து வை. டாக்டர் பெயருக்குப் பதில் நோயாளியின் பெயரை ஏஜென்ட் அதில் போட்டு வெளியே அனுப்பிவிட வாய்ப்பிருக்கிறது. நோயாளியின் விவரம் எந்த விதத்திலும் இந்தத் தேடலுக்குள் போகக் கூடாது.

எண்ணின் வடிவத்தையும் விட்டுவிடாதே. என்பிஐ 10 இலக்கம், கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கு. முன்னால் 80840 சேர்த்து லூன் முறையில் கணக்குப் போட வேண்டும். 1234567893 தேறும், 1234567890 தேறாது. தேறாத எண்ணைக் கொடுத்தால் டூல் என்ன சொல்லும் என்பது குறிப்பில் இருக்க வேண்டும். 'பிழை' என்று மட்டும் வந்தால் ஏஜென்ட் அதே எண்ணைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும்.

பக்கத்தில் வேறு என்ன டூல்கள் இருக்கின்றன என்றும் கேள். நோய்க்கான ஐசிடி-10 கோடு தேடும் டூலும் இதுவும் 'ஹெல்த்கேர் கோடு தேடல்' என்றே பெயர் வைத்துக்கொண்டால் ஏஜென்ட் எதைக் கூப்பிடும்? ஐசிடி டூலையும் உன்னிடம் தந்தால், எந்த ஆண்டின் பட்டியல் என்று எழுதியிருக்கிறதா என்பதை முதலில் பார். அமெரிக்காவில் அந்தப் பட்டியல் வருஷா வருஷம் அக்டோபர் 1 அன்று மாறுகிறது. சிகிச்சை நடந்த தேதிக்குப் பொருந்தாத கோடு போட்டால் கிளெய்ம் திரும்பி வரும்.

நீளமான குறிப்பைப் பார்த்து மயங்காதே. ஏஜென்ட்டின் கவனத்துக்கும் எல்லை உண்டு. விளம்பரப் பேச்சு நிறைந்த ஒரு பக்கத்தைவிட, எல்லைகளைச் சொல்லும் ஆறு வரிகள் மேல்.

கடைசியில் படிப்பதோடு நிறுத்தாமல் சோதித்துப் பார். நான் மேலே சொன்ன கேள்விகளை, லைசென்ஸ் கேள்வி உட்பட, ஏஜென்ட்டிடம் கொடு. சரியான பதிலே "இது என்னால் சொல்ல முடியாது" என்றிருக்கும் கேள்விகள் சிலவாவது இருக்கட்டும். ஏஜென்ட் தவறிய ஒவ்வொரு இடத்திலும் குறிப்பில் எந்த வரி சேர வேண்டும் என்பதை நீயே எழுதி, ரிப்போர்ட்டோடு அனுப்பு. அவர்கள் திருத்திய பிறகு அதே கேள்விகளை மறுபடி ஓட்டு. ஏபிஐயின் எந்தப் பதிப்பில் சோதித்தாய் என்பதை, உதாரணமாக 2.1 என்று, ரிப்போர்ட்டின் தலைப்பிலேயே போட்டுவிடு.