கூட்டு லொறியில் தனி மூட்டை

கூட்டு வியாபாரம் முறிவதற்கு நட்டமே காரணம் என்று பலர் நினைக்கிறோம். மாத்தளையில் மிளகு, கிராம்பு வியாபாரத்தில் நான் கண்டவரை, மறைத்த விடயம் பின்னொரு நாள் வெளிவருவதே பெரும்பாலும் காரணம்.

சந்திரனுக்குப் போனவர்களும் இதற்கு விலக்கல்ல. 1971 ஜூலையில் அப்பல்லோ 15 விண்கலத்தில் சென்ற டேவிட் ஸ்கொட், அல்பிரட் வோர்டன், ஜேம்ஸ் இர்வின் மூவரும் அமெரிக்க விமானப்படை அதிகாரிகள். அனுமதிப் பட்டியலில் இல்லாத சுமார் 400 முத்திரை உறைகளைத் தலைவர் ஸ்கொட் எடுத்துச் சென்றார். அவற்றில் 100 ஜேர்மனிய முத்திரை வியாபாரி ஒருவருக்கு. ஆளுக்குச் சுமார் 7000 டொலர் என்ற பேரத்துக்கு மூவரும் உடன்பட்டிருந்தனர்.

1972இல் விடயம் அம்பலமானது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தும் பயனில்லை. நாசா மூவரையும் கண்டித்தது. அதன்பின் ஒருவரும் விண்ணுக்குச் செல்லவில்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2011இல் வெளிவந்த தன் நூலில், ஸ்கொட் மீதான மனக்குறையை வோர்டன் எழுதினார். பணம் போய்விட்டது, கசப்பு போகவில்லை.

நமக்கும் இதே கதைதான். கூட்டு லொறியில் சொல்லாமல் ஏற்றும் தனி மூட்டை சிறியதுதான். ஆனால் அது தெரியவரும் நாளில், பங்காளி பழைய கணக்கு முழுவதையும் சந்தேகிப்பார்.

எனவே சகோதரர்களே, மூன்று விடயங்களைக் கவனியுங்கள்:

1. கூட்டுச் சேருமுன் பழைய கடன், திரும்பிய காசோலை, வழக்கு எதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

2. கடையின் பெயரிலோ வாகனத்திலோ செய்யும் சொந்தக் கொடுக்கல் வாங்கலைக் கணக்குப் புத்தகத்தில் எழுதுங்கள்.

3. பங்காளி தன் பழைய தவறை மனந்திறந்து சொன்னால், அதை அமானிதமாகப் பேணுங்கள். சந்தையில் பேசிவிட்டால், அடுத்த முறை அவர் வாய் திறக்கமாட்டார்.