மன்னார் மாவட்டத்து நானாட்டான் முன்பள்ளிக்கு வேலைக்குப் போகிறீர்களா?

முன்பள்ளி ஆசிரியருக்கான கொடுப்பனவு சொற்பம். அதைத் தெரிந்துகொண்டுதான் வருகிறீர்கள். வகுப்பறையின் முன்கதையையும் தெரிந்துகொண்டு வாருங்கள். கத்தோலிக்கர், சைவர், முஸ்லிம்கள் என்று மூன்று வகை வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் வரலாம். மூன்று வீட்டிலும் பேச்சு தமிழ்தான். ஆனால் 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மன்னாரிலிருந்து போனவர்கள் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் ஒதுங்கினார்கள். பலர் 2009இல் போர் முடிந்த பிறகே திரும்பினார்கள். 2019 சிவராத்திரியை ஒட்டித் திருக்கேதீஸ்வரக் கோயில் வளைவு விடயத்தில் சைவருக்கும் கத்தோலிக்கருக்கும் பிணக்கு மூண்டது. நாலு வயதுப் பிள்ளைக்கு இவை தெரியாது. வீட்டுப் பேச்சு மட்டும் காதில் விழும்.

முதல் மாதமே வீடுகளுக்குப் போய் வாருங்கள். பிள்ளை எதைச் சாப்பிடும், அப்பம்மா என்ன கதை சொல்வார் என்று கேளுங்கள். பூர்வீகத்தை விசாரிக்கவே வேண்டாம்.

பூர்வீகத்தை மழலைக் கல்வியோடு இணைத்த வெளிநாட்டு உதாரணங்கள் உண்டு. கனடாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015இல் முன்வைத்த 94 அழைப்புகளில் 12ஆவது, பூர்வகுடிக் குடும்பங்களின் பண்பாட்டுக்கு ஏற்ற முன்பிள்ளைப்பருவக் கல்வியைக் கேட்கிறது. நியூசிலாந்தில் மாவோரிகள் 1982இல் தொடங்கிய கோஹங்கா ரேயோ என்ற மழலையர் பள்ளிகளில் ஊர் மூத்தவர்களே மழலைகளோடு மாவோரி பேசினார்கள். அங்கெல்லாம் பூர்வகுடி யாரென்பதில் சந்தேகமில்லை. மன்னாரிலோ ஆளாளுக்கு 'நாங்கள்தான் முந்தி' என்பார்கள். அந்த வழக்கைத் தீர்க்க உங்களுக்குச் சம்பளம் தரவில்லை. மூத்தவர்களைக் கூப்பிடும் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீரில் வயல் செய்த இருவர், வேறு வேறு சமூகத்தவர், சேர்ந்தே வரட்டும். அருவியாறு தேக்கத்தில் மறிபட்டுக் குளத்துக்கு வருவதைப் பிள்ளைகள் மணலில் கட்டிப் பார்க்கட்டும். வாய்க்கால் யார் வயலுக்கு என்று கட்டாயம் சண்டை வரும். தண்ணீரைப் பங்கிட வைத்தால் அன்றைய பாடம் முடிந்தது.

ஆண்டுக்கொரு நாள் தொப்பியும் வேட்டியும் மாட்டிப் படமெடுக்கும் விழாக்களில் எனக்கு நம்பிக்கையில்லை. அதைவிட வெள்ளிக்கிழமை இடைவேளைச் சாப்பாட்டைக் கவனியுங்கள். அவித்த கடலையோ பயறோ வைத்தால் விரதம் பிடிக்கும் சைவ வீடு, தவக்காலத்தில் இறைச்சி ஒறுக்கும் வீடு, ஹலால் பார்க்கும் வீடு எல்லாவற்றுக்கும் ஒரே சட்டி போதும். சுவரில் மாட்டும் குடும்பப் படங்களில் உம்மாவும் வாப்பாவும் இருக்கட்டும்.

ஒரு பிள்ளை இன்னொன்றை 'நீ புத்தளம்' என்று ஒதுக்கினால் அதட்டாதீர்கள். "அவன்ர வாப்பாவின்ர வீடு முந்தி இங்கதான் இருந்தது, இப்ப திரும்பி வந்திருக்கினம்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். ஏன் போனார்கள் என்பதைப் பெற்றார் கேட்டால் மழுப்ப வேண்டாம்.

நேர்முகத்தில் உங்கள் சான்றிதழ்களைக் காட்டிய பிறகு நீங்களும் கேளுங்கள்: காலைச் செபம் யாருடைய முறைப்படி? சாப்பாட்டை யார் தீர்மானிப்பது? பெற்றார் கூட்டத்துக்கு எல்லா வீட்டாரும் வருகிறார்களா? "கூப்பிட்டாலும் சில பேர் வரமாட்டினம்" என்று பதில் வந்தால், கூட்டம் எந்த நாளில், எத்தனை மணிக்கு, யாருடைய மண்டபத்தில் நடக்கிறது என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள்.