மெல்லிய நரம்பில் மயில்மீன்: ரொம்பினுக்கு வரும் புதியவர்களுக்கு

பகாங் மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில், ரொம்பின் ஆறு தென்சீனக் கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது கோலா ரொம்பின். நெத்திலிக் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு மயில்மீன் அங்கே ஆழம் குறைந்த கடலுக்கே வந்துவிடும். முதுகில் பாய் விரித்த இந்த மீனைத்தான் மலாய்க்காரர்கள் லாயாரான் என்கிறார்கள். கோலாலம்பூர், ஜொகூர் பாரு என்று பல ஊர்களிலிருந்தும் நம் பிள்ளைகள் வார இறுதியில் வந்து படகேறுகிறார்கள். ஜெட்டியில் என்னைப் பார்த்தால் கேட்கிற முதல் கேள்வி: "அங்கிள், எத்தனை பவுண்டு நரம்பு வரைக்கும் இறங்கலாம்?"

முப்பது கிலோ மயில்மீனை எட்டு பவுண்டு நரம்பிலும் பிடிக்கலாம். பிடித்தவர்கள் உலகில் பலர் உண்டு. ஆனால் எவ்வளவு நேரத்தில் அதைப் படகருகே கொண்டுவந்து, நீந்திப்போகும் நிலையில் திருப்பி அனுப்புவீர்கள்? அதைச் சொல்லிவிட்டு அப்புறம் பவுண்டுக் கணக்குக்கு வாருங்கள். கீழே எழுதியிருப்பதெல்லாம் இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

1. இருபது பவுண்டில் தொடங்குங்கள். முந்நூறு மீட்டர் நரம்பு கொள்ளும் ஸ்பின்னிங் ரீல், ஏழு அடிக்கு மேற்படாத கோல், இவை போதும். இருபதில் பத்துப் பன்னிரண்டு மீனை ஒழுங்காக விடுவித்த பிறகு பன்னிரண்டுக்கு இறங்கலாம். எட்டு பவுண்டைப் பற்றி அதற்குப் பிறகு பேசுவோம்.

2. மெல்லிய நரம்பு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். 1898 ஜூன் 1ஆம் தேதி, கலிபோர்னியாவின் காட்டலினா தீவில் சார்லஸ் ஃபிரெடரிக் ஹோல்டர் என்பவர் கோலும் ரீலும் கொண்டு 183 பவுண்டு சூரையைப் பிடித்தார். அந்தக் காலத்தில் அங்கே தடித்த கைக்கயிற்றைப் படகில் கட்டிவிட்டு மீனை வாரிக்கொண்டிருந்தார்கள். அது வேட்டையும் இல்லை, விளையாட்டும் இல்லை என்று நினைத்த ஹோல்டர் அதே ஆண்டில் டூனா கிளப்பைத் தொடங்கினார். நரம்பின் கனத்துக்கு வரம்பு வைத்ததன் நோக்கம், மீனுக்கும் தப்ப ஒரு வழி இருக்கட்டும் என்பதுதான். மீனைக் களைப்பித்துக் கொல்லும் போட்டியாக அது மாறியது பின்னால் வந்தவர்கள் செய்த வேலை.

3. ரீலின் இழுவைத் தடையான டிராக்கைக் கையால் இழுத்துப் பார்த்து "சரியாக இருக்கிறது" என்று சொல்லாதீர்கள். கடையில் பத்து இருபது ரிங்கிட்டுக்குக் கொக்கித் தராசு கிடைக்கும். நரம்பைக் கோலின் வளையங்கள் வழியாக ஓட்டித் தராசில் மாட்டி, கோலை வளைத்து இழுங்கள். நரம்பு அறும் எடையில் நான்கில் ஒரு பங்கு வந்ததும் ரீல் விட்டுக்கொடுக்க வேண்டும். இருபது பவுண்டுக்கு ஐந்து பவுண்டு, அதாவது இரண்டு கிலோவுக்குச் சற்று மேல். அவ்வளவுதானா என்று தோன்றும். ஏழடிக் கோலால் அந்த இரண்டேகால் கிலோவைப் பத்து நிமிடம் விடாமல் இழுத்துப் பாருங்கள், முழங்கை பதில் சொல்லும். முக்கால்வாசிப் பேர் இந்த நான்கில் ஒரு பங்கைக்கூடப் பயன்படுத்துவதில்லை. அறுந்துவிடுமோ என்ற பயத்தில் தளர்த்திவைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டுகிறார்கள்.

4. மீன் ஓடும்போது டிராக்கை இறுக்காதீர்கள். இது கணக்கு. ரீலில் சுற்றியிருக்கும் நரம்பின் விட்டம் பாதியாகக் குறைந்தால், திருகைத் தொடாமலேயே இழுவிசை இரண்டு மடங்காகிவிடும். போதாததற்கு, கடலுக்குள் கிடக்கும் நரம்பையே தண்ணீர் பிடித்து இழுக்கும். மீன் நேராக ஓடிவிட்டு இடப்பக்கம் திரும்பினால் நரம்பு பெரிய வளைவாகத் தண்ணீரை அறுத்துக்கொண்டு போகும். அந்த வளைவின் இழுவையே மெல்லிய நரம்பை அறுத்துவிடும். ரீலில் டிராக் கொஞ்சமும் இல்லாவிட்டாலும் அறுக்கும். எனவே நரம்பு நிறைய வெளியே போய்விட்டால் திருகைக் கொஞ்சம் தளர்த்துங்கள். திரும்பச் சுற்றி எடுத்த பிறகு பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். மயில்மீன் மணிக்கு 110 கிலோமீட்டர் ஓடும் என்று டி-ஷர்ட்டில்கூட அச்சடித்து விற்கிறார்கள். அண்மை ஆண்டுகளில் ஆய்வாளர்கள் அளந்து பார்த்ததில் அதன் பாய்ச்சல் மணிக்கு 30 கிலோமீட்டரை ஒட்டித்தான் இருந்தது. உங்கள் ரீல் கதறுவதற்கு அதுவே தாராளம்.

5. முடிச்சை வீட்டில் பழகுங்கள். பிரெய்டு நரம்பையும் முள்ளருகே வரும் தடித்த லீடரையும் இணைக்க எஃப்.ஜி. முடிச்சு, மோனோ நரம்பை இரட்டையாக்க பிமினி முறுக்கு. இந்த இரண்டையும் ஆடுகிற படகில், ஈரக்கையோடு கட்டத் தெரிய வேண்டும். இறுக்கும் முன் எச்சிலால் நனையுங்கள். காய்ந்த நரம்பு உரசிச் சூடேறினால் அந்த இடம் பலமிழக்கும். நரம்பில் தானாக விழுந்த சிறு முடிச்சு ஒன்றைக் கண்டால் "பரவாயில்லை" என்று விடாமல் அந்த நீளத்தை வெட்டி எறியுங்கள். கனத்த நரம்புக்காரர் இதில் ஏமாற்றிக்கொண்டு ஓட்டலாம். மெல்லிய நரம்பில் மீன் அந்த ஒரு முடிச்சைத்தான் தேடிப்பிடிக்கும்.

6. கோலின் வளையங்களுக்குள் பஞ்சை ஓட்டிப் பாருங்கள். நூல் சிக்கினால் அங்கே கீறல் இருக்கிறது. அந்த வளையத்தை மாற்றாமல் கடலுக்குப் போகாதீர்கள்.

7. லீடர் விஷயத்தில் கஞ்சத்தனமும் வேண்டாம், பேராசையும் வேண்டாம். மயில்மீனின் அலகு அரம் போன்றது. உரசியே நரம்பைத் தேய்த்துவிடும். ஐம்பது அறுபது பவுண்டு லீடர் தேவை. பதிவுக்காகப் பிடிக்கிறவர்களுக்குப் பன்னாட்டு விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் விதி உண்டு: இருபது பவுண்டும் அதற்குக் கீழும் என்றால் லீடர் 15 அடிக்கு மேல் போகக்கூடாது, இரட்டை நரம்பையும் சேர்த்தால் 20 அடி. 1939இல் தொடங்கிய அந்தச் சங்கம் டப்பாவில் எழுதிய எண்ணைப் பார்ப்பதில்லை, நீங்கள் அனுப்பும் நரம்பை நனைத்து அறுத்துப் பார்க்கிறது. இருபது என்று விற்ற நரம்பு இருபத்தைந்தில் அறுந்தால் உங்கள் மீன் மேல்வகுப்புக்குப் போய்விடும். மீன் மாட்டிய பிறகு வேறொருவர் உங்கள் கோலைத் தொட்டாலும் பதிவு போச்சு. புதியவர்களுக்கு இந்தக் கவலையே வேண்டாம் என்பது என் எண்ணம்.

8. இரை. விடிந்ததும் படகோட்டியான தெக்கோங் உங்களை முதலில் இரை பிடிக்கத்தான் கூட்டிப்போவார். அப்போலோ தூண்டிலை இறக்கினால் செலாரும் கெம்போங்கும் கொத்துக் கொத்தாக ஏறும். துள்ளுகிற மீனை மட்டும் தொட்டியில் போடுங்கள், கையால் அழுத்தி செதில் உதிர்த்தவை சீக்கிரம் செத்துவிடும். முள் வட்ட முள்ளாகவே இருக்கட்டும். அது தொண்டைக்குள் இறங்காமல் வாயோரத்தில் மாட்டிக்கொள்ளும். அமெரிக்காவில் அட்லாண்டிக் கடலின் மயில்மீன், மர்லின் போட்டிகளில் இயற்கை இரை வைத்தால் வட்ட முள்தான் என்று 2008 முதல் கட்டாயமாக்கியிருக்கிறார்கள்.

வட்ட முள்ளுக்கு வெட்டி இழுக்கும் பழக்கம் ஆகாது. மீன் இரையைக் கவ்வியதும் நரம்பைத் தடையில்லாமல் விடுங்கள், மூன்று நான்கு எண்ணுங்கள், ரீலைப் பூட்டுங்கள், கோலை மீனை நோக்கி நீட்டிக்கொண்டு சுற்றுங்கள். நரம்பு இறுகும்போது முள் தானே திரும்பிக் குத்திக்கொள்ளும். கெண்டைக்கும் விராலுக்கும் வெட்டி இழுத்துப் பழகிய கைக்கு இதுதான் கடினம். சொல்லிச் சொல்லித்தான் நிறுத்த வேண்டும்.

9. மீன் துள்ளினால் வணங்குங்கள். தண்ணீருக்குள் மீனின் எடையைத் தண்ணீர் தாங்குகிறது. காற்றில் எழும்பிவிட்டால் முப்பது கிலோவும் முப்பது கிலோவாகவே விழும், அதுவும் இறுகிய நரம்பின் மேல். துள்ளியதைக் கண்டதும் கோலின் நுனியை அதை நோக்கித் தாழ்த்துங்கள். விழுந்ததும் மறுபடி இறுக்குங்கள். படம் எடுப்பவர் என்ன கத்தினாலும் காதில் வாங்காதீர்கள்.

10. மெல்லிய நரம்பில் பாதி மீனைப் பிடிப்பது தெக்கோங். இதை ஒப்புக்கொள்ள மனம் வராதவர்கள் கனத்த நரம்பிலேயே இருப்பது நல்லது. மீன் நூறு மீட்டருக்கு மேல் விலகாதபடி படகு பின்தொடர வேண்டும். பின்னாலேயே துரத்துவதைவிட, மீனுக்கு இணையாகப் பக்கவாட்டில் ஓடினால் நீங்கள் அதன் தலையைத் திருப்ப முடியும். மீன் ஆழத்துக்கு இறங்கி நின்றுவிட்டால் நேர்மேலே நின்று தூக்கப் பார்க்காதீர்கள். படகைத் தள்ளிப் போகச் சொல்லி, நரம்பு சாய்ந்த பிறகு இழுத்தால் அது மேல்நோக்கி நீந்தத் தொடங்கும்.

அதனால் ஜெட்டியை விட்டுக் கிளம்புமுன்பே பேசிக்கொள்ளுங்கள். யார் கோலைப் பிடிப்பது, மீன் மாட்டினால் மற்ற தூண்டில்களை யார் சுற்றி எடுப்பது, லீடரை யார் பிடிப்பது. நடுக்கடலில் ஐந்து பேர் ஐந்து மொழியில் கத்தினால் அந்த மனிதர் என்ன செய்வார்? "பாங், பெலான் பெலான்" என்று ஒருவர் மட்டும் சொன்னால் போதும். அவருக்கு உங்களைவிட அந்தக் கடல் தெரியும். அவர் கூலியில் பேரம் பேசி மிச்சப்படுத்திய காசில் விலையுயர்ந்த ரீல் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

11. கோலை வானத்தைப் பார்க்கத் தூக்கிப்பிடிக்காதீர்கள். அப்படி நின்றால் புகைப்படம் நன்றாக வரும். மீனுக்கு ஒன்றும் ஆகாது. கோலைத் தாழ்த்தி, கடலுக்கு இணையாக வைத்து, மீன் போகும் திசைக்கு எதிர்ப்பக்கமாக இழுங்கள். இடப்பக்கம் போனால் வலப்பக்கம், திரும்பினால் நீங்களும் திரும்புங்கள். பக்கவாட்டில் இழுத்தால் மீன் தன் பலத்தைச் செலவழித்தால்தான் எதிர்க்க முடியும். அதற்கு மூச்சுவிட நேரம் கொடுக்காதீர்கள். நீங்கள் நின்று தண்ணீர் குடிக்கும் ஒரு நிமிடத்தில் அது இழந்த பலத்தில் கொஞ்சத்தைத் திரும்பப் பெற்றுவிடும்.

12. அரை மணி நேரம். இதை நான் வைத்திருக்கும் எல்லையாகச் சொல்கிறேன், சட்டமாக அல்ல. மயில்மீனின் பாய்ச்சலுக்கு உதவும் வெள்ளைத் தசை உயிர்வளியை நம்பாமல் வேலைசெய்வது. வேலைசெய்யச் செய்ய அதில் அமிலம் சேரும், இரத்தமும் கெடும். நம் கடலோ முப்பது டிகிரியை ஒட்டிய வெந்நீர். அதில் கரைந்திருக்கும் உயிர்வளியும் குறைவு. நீங்கள் இழுத்தடிக்கும் ஒவ்வொரு நிமிடமும் மீனின் கணக்கில் ஏறுகிறது. ஒருமுறை பக்கத்துப் படகில் ஒரு பையன் ஆறு பவுண்டு நரம்பில் ஒரு மீனைப் பகல் முழுக்கப் பிடித்து நின்றான். கடைசியில் அது கோடுகளெல்லாம் மங்கி, விறைத்துப் புரண்டு மேலே வந்தது. படகில் கைதட்டினார்கள். எனக்கு அதில் கைதட்ட ஒன்றும் தெரியவில்லை.

அரை மணி ஆகியும் மீன் உங்கள் பேச்சைக் கேட்கவில்லை என்றால் டிராக்கை இறுக்குங்கள். அறுந்தால் அறுந்துபோகட்டும். துருப்பிடிக்கும் சாதா இரும்பு முள்ளாக இருந்தால் அது நாளடைவில் அரித்து விழவும் வாய்ப்புண்டு. அதனால் துருப்பிடிக்காத எஃகு முள்ளை வாங்காதீர்கள்.

13. படகருகே வந்த மீனை உள்ளே தூக்காதீர்கள். மடியில் வைத்துப் படமெடுக்கும் ஆசை எல்லோருக்கும் இருக்கிறது. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில், விடப்போகும் மயில்மீனைத் தண்ணீரை விட்டு வெளியே எடுக்கவே சட்டம் இடம்கொடுப்பதில்லை. கையுறை போட்ட கையால் அலகைப் பிடித்து, தலையைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு முள்ளைக் கழற்றுங்கள். கழற்ற வரவில்லை என்றால் வாயோரத்தில் லீடரை வெட்டுங்கள். பிறகு படகை மெதுவாக முன்னே செலுத்தச் சொல்லி, செவுளுக்குள் தண்ணீர் ஓடும்படி அலகைப் பிடித்துக்கொண்டே போங்கள். நிறம் திரும்பி, உங்கள் கையை உதறும் அளவுக்கு வால் அடித்தால் விடுங்கள். அதுவரை விடாதீர்கள், அதற்கு ஐந்து நிமிடம் ஆனாலும் சரி. மற்ற கோல்கள் அதுவரை காத்திருக்கட்டும்.

14. பருவத்தின் உச்சம் ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை. நவம்பரில் வடகிழக்குப் பருவக்காற்று வந்ததும் கிழக்குக் கரையில் படகுகள் கட்டிவைக்கப்படும். கடல் மூடியிருக்கும் அந்த மாதங்கள்தான் முடிச்சுப் பழகவும் தராசில் டிராக் பார்க்கவும் ஏற்ற காலம். அடுத்த மார்ச்சில் படகை முன்பதிவு செய்யும்போது, எத்தனை பவுண்டு நரம்போடு வருகிறீர்கள் என்பதைத் தெக்கோங்கிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். படகில் எத்தனை பேரை ஏற்றலாம், எத்தனை தூண்டில் போடலாம் என்று அவர் முடிவுசெய்வது அதைப் பொறுத்துத்தான்.