பச்சை விளக்கு எரிகிறது, குரல் எங்கே?

ஹாம் உரிமம் வந்த கையோடு டி.எம்.ஆர். கைக்கருவியும் ஹாட்ஸ்பாட்டும் வாங்கினேன். யாராவது பேசினால் பச்சை விளக்கு எரிகிறது. சத்தம் மட்டும் வரவில்லை. செட் பழுதா?
– வாசகர், முத்தாபுதுப்பேட்டை

பழுதில்லை, கடைக்காரரிடம் சண்டைக்குக் கிளம்பாதீர்கள். விளக்கு எரிவதால் அலைவரிசை சரி. டிஜிட்டலில் அதற்குமேல் கலர் கோடு, டைம் ஸ்லாட், டாக்குரூப் மூன்றும் பொருந்த வேண்டும். ஹாட்ஸ்பாட்டில் பெரும்பாலும் கலர் கோடு 1, ஸ்லாட் 2. இவை சரியாக இருந்தும் மௌனம்தான் என்றால், ரிசீவ் குரூப் லிஸ்ட்டைப் பிடியுங்கள். இந்தியாவுக்கான 404 டாக்குரூப்பை கான்டாக்டில் போடுகிறவர்கள் இந்தப் பட்டியலில் சேர்க்க மறந்துவிடுவார்கள். நீங்கள் பேசுவது போய்ச்சேரும்; மற்றவர் பேசுவது காதில் விழாது. சந்தேகமா? செட்டில் 'டிஜிட்டல் மானிட்டர்' இருந்தால் ஆன் செய்யுங்கள். குரல் வந்துவிட்டால் கோளாறு இந்த அமைப்புகளில்தான், செட்டில் இல்லை.

கம்ப்யூட்டரில் திருத்துமுன் செட்டில் இருப்பதை 'ரீட்' செய்து தனியாகச் சேமியுங்கள். எடுத்த எடுப்பில் 'ரைட்' கொடுத்தால் பழைய சேனல்கள் போயே போச்சு! அலைவரிசையை மட்டும் ஊகத்தில் மாற்றாதீர்கள். உங்கள் ஊரில் விமானப்படைத் தளமே இருக்கிறது. உரிமத்தில் உள்ள பட்டையைத் தாண்டினால், கேட்கிற காதுகள் வேறு.