காலடியில் ஒரு சிற்றுயிர்

லடாக்கிலுள்ள ஹெமிஸ் தேசியப் பூங்கா 1981-இல் அமைக்கப்பட்டது. அது பனிச்சிறுத்தைக்குப் பெயர்பெற்றது. அதனைப் படம்பிடிக்க விரும்புவோர் பாறைச் சரிவுகளில் நெடுநேரம் காத்திருப்பர். அவ்வேளையில், ஏறத்தாழ ஒரு சாண் நீளமுள்ள சிற்றுயிர் ஒன்று அருகிலுள்ள பாறையிடுக்கிலிருந்து தலைநீட்டுவதுண்டு. அதுவே பைக்கா. எலிபோல் தோன்றினும் அது முயலுக்கு உறவு. வட்டமான செவிகளை உடையது. அதன் வால் வெளியே தெரியாது.

கடுங்குளிரிலும் பைக்கா நீள்துயில் கொள்வதில்லை. ஆதலால், பைக்கா இனங்கள் பலவும் கோடையிலேயே புல்லையும் இலையையும் பாறையிடுக்குகளில் சேமிக்கின்றன. அப்போது மனிதர் மிக நெருங்கினால் அவை அஞ்சி ஒளிந்துகொள்ளும். உணவு தேடும் பொழுது குறையும். அவ்விழப்பு குளிர்காலத்தில் பசியாக வந்து சேரும்.

எனவே, படம் எடுப்போர் விலகி நின்று, அசையாது இருத்தல் வேண்டும். மின்னொளி பாய்ச்சுதலையும் தின்பண்டம் இடுதலையும் தவிர்த்தல் வேண்டும். நல்ல படத்தினும் அவ்வுயிரின் நலமே பெரிது.

பயிற்சி
1. பைக்கா எவ்விலங்குக்கு உறவு?
2. பைக்கா கோடையில் உணவு சேமிப்பது ஏன்?
3. பிரித்து எழுதுக: சிற்றுயிர், அவ்விழப்பு.
4. அரிய விலங்கைத் தேடிச் சென்றவர் எளிய உயிரிடம் கற்பது யாது? உம் சொற்களில் எழுதுக.